வெல்டிங் முகமூடி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் வீராசாமி வெல்டிங் முகமூடியைப் பாயில் வீசினான்.

"இதைப் போட்டா ஒரே இருட்டு, அஞ்சலை. வெல்டிங் குச்சியை எங்க வைக்கிறதுன்னே தெரியல, இரும்போட ஒட்டிக்கிது. நாளைக்கும் தப்பு பண்ணினா தொரை மறுபடி கரி அள்ள அனுப்பிடுவாரு."

அவன் மனைவி அஞ்சலை முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்படியே கோப்பையில் கோப்பி ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இடது விரலால இடத்தைத் தொட்டுக்கிட்டு, முழங்கையை விலாவோட ஒட்டி வையுங்க. பதறாதீங்க. கை தானா வந்து சேரும்."

கண்ணை மூடிக்கொண்டு அவனும் ஊற்றிப் பழகினான். நாலாவது தடவை சிந்தவில்லை.

கண்ணைத் திறந்து சிரித்தான். "இன்னும் எதுக்கு மாட்டிக்கிட்டு நிக்கிற? கழட்டு."

"அட, போட்டிருக்கிறதே மறந்துபோச்சுங்க" என்றாள். "பொறந்ததிலேருந்து எனக்கு இதே இருட்டுதானே!"