பன்னிரண்டு நிமிடத் தொலைவு

செவ்வாய்க்குப் போகிறவர்களின் குடும்பமும் பழக வேண்டும் என்பதால், கடைசி நாற்பது நாள் பயிற்சி நாகர்கோவில் வீட்டிலேயே நடந்தது. ஜெபசிங் மாடி அறையில் இருந்தான். மனைவி பெனிட்டாவும் மகளும் கீழே. யார் பேசினாலும் அடுத்தவர் திரைக்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் வரும். அவன் கதவைத் திறந்தாலோ, கீழேயிருந்து அவர்கள் குரல் கொடுத்துக் கூப்பிட்டாலோ பயணப் பட்டியலிலிருந்து அவன் பெயர் போய்விடும். ஜன்னலை மறைத்திருந்த திரையில் பூமி நாளுக்கு நாள் சிறுத்து, இப்போது மிளகளவு ஆகியிருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காலை, மாடிப்படியில் ஏதோ உருண்டு விழுந்தது. மகள் வீறிட்டு அழுதாள்.

அவன் கை தாழ்ப்பாளுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. இன்னும் இரண்டே நாள். அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட்டைச் சாத்தினார்கள். ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் திரை ஒளிர்ந்தது. பெனிட்டா பிள்ளையின் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு சிவந்திருந்தது.

"என்னங்க, ஆட்டோ வந்துட்டு. நான் கூப்பிட மாட்டேன், கூப்பிட்டா உங்க பேரு போயிரும்லா. ரெண்டு நிமிஷம் நிக்கேன். நீங்களா வந்தா சேர்ந்து போவோம்."

அதன்பின் அவள் காமிராவைப் பார்க்கவில்லை. மாடிக் கதவையே பார்த்துக்கொண்டு, இரண்டு நிமிடமும் நின்றாள்.