அப்பா எடுத்த படம்

“பூசைப் புத்தக அட்டைக்கு அம்மாட படம் ஒண்டு வேணும், அங்கிள். நாலு மணிக்குள்ள அச்சகத்துக்குக் குடுக்கோணும். இந்தக் கார்டை இந்த லப்டொப்பில பாக்க ஏதும் ரீடர் இருக்கோ?”

றொஷினி என்ற அந்தப் பெண் ஒரு பழைய மடிக்கணினியையும், தீப்பெட்டி அகலத்தில் தட்டையான கேமரா கார்ட் ஒன்றையும் மேசைமீது வைத்தாள். டவுன்டவுனில் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டாளாம். ஒரு கடையில் கார்டைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார்களாம்.

மரியதாசன் சென்ட் லோரன்ட் பகுதியில் கணினி திருத்தும் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. இப்படி வருகிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். தாய் தகப்பனை ஒரு நல்ல படம் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். கடைசியில், இறுதிப் பூசைப் புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில், பழைய கேமராவையும் கணினியையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அவர்களிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று ஒருவரை அழவைப்பதைவிட, வந்த வேலையை முடித்துக் கொடுப்பதே கடவுளுக்குப் பிடித்த ஆறுதல் என்று நினைப்பவர் அவர்.

கடைச் சுவரில் தொங்கிய ரீடர்கள் எல்லாம் நகத்தளவு கார்டுகளுக்கானவை. இந்த அகலக் கார்டுக்குப் பழைய சரக்குத்தான் வேண்டும். மடிக்கணினியின் யூஎஸ்பி வாய்கள் இரண்டும் உடைந்திருந்தன. பக்கவாட்டில் அட்டை செருகுகிற ஸ்லொட் மட்டும் தூசியோடு நல்லபடியாக இருந்தது. மேசை லாச்சியைக் கிளறியதில் அந்த ஸ்லொட்டுக்கான ரீடர்கள் மூன்று கிடைத்தன.

ஒன்று பளபளப்பாக இருந்தது, ஆனால் சின்னக் கார்டுகளை மட்டுமே படிக்கும். இரண்டாவது கார்டுக்குச் சரி, ஸ்லொட்டுக்கு அகலம் கூட. மூன்றாவது இரண்டுக்கும் பொருந்தியது, ஆனால் உள்ளே கார்டைத் தொடுகிற ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தது. அப்படியே கார்டைத் தள்ளினால் ரீடரோடு கார்டும் போய்விடும். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு தையல் ஊசியால் அதை மெல்ல மெல்ல நிமிர்த்தினார். மணி மூன்றேகால் ஆகியிருந்தது.

அவர் கையையே பார்த்து நின்ற றொஷினி மெல்லிய குரலில் சொன்னாள்: “எனக்கே இன்னும் மனம் ஏற்கேல்லை, அங்கிள். அண்ணாமார் ரெண்டு பேரும் கோயிலுக்கு வரமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம்.”

இந்த நேரத்திலுமா கோபதாபம் என்று மரியதாசனுக்கு மனம் கசந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“வராதவையை விடுங்கோ, மகள். நீங்கள் நிக்கிறியள்தானே? அம்மாவுக்கு அது காணும்.”

கார்ட் சத்தமில்லாமல் உள்ளே போனது. சிறிது நேரம் கணினி உறுமிவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் வைத்தது. கேமரா தகப்பனுடையதாம், அவர் போய்ப் பதினொரு வருடமாம். அவள் நிறுத்திய முதல் படத்தில் தாய் கோயிலில் மாதா பீடத்துக்கு முன்னால், கைகளைக் கோத்தபடி, அடையாள அட்டைக்கு நிற்பவரைப் போல நின்றிருந்தார். அடுத்ததில் மொன்ட் றோயல் மலையில், காற்று சேலைத் தலைப்பைத் தூக்கி முகத்தில் அடிக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் எல்லாரும் பார்ப்பது, முதல் படம்தான் மரியாதை என்று றொஷினி முடிவு செய்தாள். சொன்னாளே தவிர, அடுத்த படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உங்களுக்கு மரியாதையாப் படுறதைக் கேக்கேல்லை, மகள். அம்மாவுக்குப் பிடிச்சது எது?” என்று கேட்டார் மரியதாசன்.

அவள் சிரிக்கும் படத்தைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

“இது அப்பா ஆசையா எடுத்தது. அப்பா எடுத்த படத்தை இதுக்குப் போடுறது சரியோ, அங்கிள்?”

இதில் என்ன சரி பிழை என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“அதைவிடப் பொருத்தமான படம் வேற இல்லை, மகள். அம்மா சிரிக்கோணும் எண்டுதானே அந்த மனுசன் எடுத்தது. இண்டைக்கு இருந்தாலும் அவர் இதைத்தான் எடுத்துத் தருவார்.”

றொஷினியின் கண்கள் நிரம்பின. மரியதாசன் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒழுங்காகத் தொங்கிய ரீடர்களை மறுபடி ஒழுங்காக்கினார். அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் கடை இணையத்தில் படத்தை அச்சகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். சிரிக்கிற படம். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அவள் கைப்பையைத் திறக்க, அவர் தடுத்துவிட்டார். ரீடர் அவளிடமே இருக்கட்டும், மற்றப் படங்களையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டுப் பேந்து கொண்டுவந்தால் போதும் என்றார். ஊசிகளைக் கவனம் என்று இரண்டு தரம் சொன்னார்.

அவள் கதவுவரை போன பின்பும் அவருக்கு மனம் கேட்கவில்லை. பெற்ற பிள்ளைகளே வராத பூசையில் ஒரு தலை கூடினால் என்ன என்று தோன்றியது.

“பூசை எப்ப, மகள்? கடையைப் பூட்டிப்போட்டு நானும் வந்து நிக்கிறன்.”

றொஷினி நின்று திரும்பினாள். கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

“சனிக்கிழமை பத்து மணிக்கு. கட்டாயம் வாங்கோ, அங்கிள். மாப்பிள்ளை பக்கம் முப்பது பேர் வருகினம். பொம்பிளை பக்கம் எண்டு எங்கட அம்மாவுக்கு நான் ஒருத்திதான் நிக்கிறன்.”