ஜெபவீட்டுக்கு வராதவர்கள்

மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை உபதேசியார் மாசிலாமணி அடித்த அடியில், ரப்பர் மரங்களிலிருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. ஜெபவீட்டுக்குள் மட்டும் ஓர் ஈ, காக்கைகூட நுழையவில்லை.

"விடியக்காலம் வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக்குத் தப்பு அடிச்சா, பேர் குடுக்க விழுந்தடிச்சு ஓடுறானுங்க! கர்த்தர் கூப்பிட்டா மட்டும் காது அடைச்சிருமோ?" என்று காலிப் பாய்களைப் பார்த்துக் கத்தினார்.

கத்தக் காரணம் இருந்தது. இன்று ஈப்போ நகரத்திலிருந்து பாதிரி ஐயர் வருகிறார். "அடுத்த தடவையும் கூட்டம் இல்லைன்னா ஜெபவீட்டை மூடிருவோம். எல்லாரும் பத்து காஜா டவுன் கோயிலுக்கு நடக்கட்டும்" என்று போன முறையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். தோட்டத்துத் துரையும் இந்தக் கொட்டகையில் ரப்பர் ஷீட் அடுக்கக் காத்திருந்தார்.

பெருக்கக்கூட ஆள் இல்லை. வழக்கமாகப் பெருக்கும் மனைவி ஞானப்பூ, இடுப்பு கடுக்கிறது என்று விடியலிலேயே சுருண்டுவிட்டாள். "ஐயரு வர்ற அன்னிக்கா உனக்குக் கடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, விளக்குமாற்றைத் தானே தோளில் சாத்திக்கொண்டு வந்திருந்தார். சிலுவை சுமப்பவர் மாதிரிதான் நடந்தார். பார்க்கத்தான் யாரும் இல்லை.

பெருக்கி முடித்து, மறுபடி இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் வாசலில் நிழலாடியது. தொழிலாளர் லயத்து வீரம்மா. முந்தானை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவள்.

"ஐயா, ஒரு சேதி..."

"வா, உக்காரு! பாத்தீரா ஆண்டவரே? நம்ம சபையில ஒருத்தனும் வரல, தீச்சட்டி எடுக்கிறவ வந்திருக்கா!"

"அதில்லைங்கய்யா, சொல்லிட்டுப் போலாம்னு..."

"ஆராதனை நேரத்துல பேசக் கூடாது!"

வீரம்மா உட்கார்ந்தாள். அவரவர் கணக்கை அவரவர்தான் ஆண்டவரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது இன்றைய பிரசங்கம். ஆனால் மற்றவர்கள் கணக்கையும் ஒப்புவிக்க உபதேசியாரே முன்வந்தார்.

"பிச்சைமுத்து கள்ளுக்கடையில கிடப்பான், ஆண்டவரே, எழுதி வச்சுக்கும். சாலமோன் சேவச்சண்டைக்குப் போயிருப்பான். ரூத்து எவ வீட்டு வாசல்லயாவது ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பா. ஒருத்தரையும் விட்டுடாதேயும்!"

வீரம்மா கொட்டாவி விட்டாள்.

"தூங்குறியா? நீயும் கணக்குக் குடுக்கணும்லா!"

"விடிஞ்சதுலேருந்து இப்பத்தாங்க உக்கார்றேன்."

வெயில் ஏறியது. ஐயரும் வரவில்லை. "அவரையும் எழுதிக்கும்!" என்று மேசையைக் குத்தினார் உபதேசியார். பிறகு காலிப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சுவருக்கு என் கையாலதான் சுண்ணாம்பு அடிச்சேன், வீரம்மா. இனி ஷீட் அடுக்கப் போறானுங்க. எங்க போய்த் தொலைஞ்சாங்க எல்லாரும்?"

"இப்பப் பேசலாமுங்களா?"

"பேசு."

"எல்லாரும் உங்க வீட்டு வாசல்லதான் இருக்காங்க. நீங்க கிளம்புனதும் அம்மாவுக்கு வலி கண்டிருச்சு. பிச்சைமுத்து அண்ணே தண்ணி சுமந்தாரு. சாலமோன் அண்ணே விறகு பொளந்தாரு. ரூத்தக்காதான் அம்மாவ மடியில தாங்கிக்கிட்டாங்க. பொம்பளப் புள்ளைங்கய்யா."

"அடுத்த மாசம்னுல்ல சொன்னா..." உபதேசியார் துண்டைத் தேடினார். அது தோளிலேயே இருந்தது. "ஞானப்பூ?"

"நல்லா இருக்காங்க. கஞ்சி குடிச்சிட்டு உங்களத்தான் தேடுறாங்க."

அவர் செருப்பை மறந்து ஓடினார். பாதி வழியில்தான் ஐயர் நினைவு வந்தது. "ஈப்போ ஐயரு?" என்றார், பின்னால் ஓடிவந்த வீரம்மாவிடம் திரும்பி.

"நான் இங்க கிளம்புறதுக்கு முன்னாடியே வந்துட்டாருங்க. ரோட்டுலேருந்து வந்தவரு கூட்டத்தைப் பாத்து அங்கேயே நின்னுட்டாரு. முட்டி போட்டு ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி, ஆராதனையையே முடிச்சுட்டாரு. இந்தச் சபையை மூட மாட்டாராம்."

உபதேசியாருக்குக் கண் கலங்கியது. "வேற என்ன சொன்னாரு?"

வீரம்மா நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"சபை முழுக்க வந்திருக்கு, உபதேசியாரு மட்டுந்தான் வரலைன்னாரு."