கடைசிக் கூடை

மின்சார ரயில் தாம்பரத்தில் நிற்பதற்குள் ஸ்ரீநிவாசராகவன் குதித்துவிட்டார்.

ஐம்பத்துமூன்று வயதில் குதிக்கிற வேலையா இது? ஆனால் ஆவணி பிறந்து பத்து நாளாகிவிட்டது. நாவல்பழக் காலம் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கப் படியடியில் கங்கையம்மாள் ஒருத்திதான் இன்னும் கூடை வைத்திருந்தாள்.

முன்னால் போன கல்லூரிப் பெண்களை இடித்துக்கொண்டு படியேறினார். மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை.

அண்ணா தோத்தாத்ரி குடலில் புற்று வந்து இறந்துபோய் இரண்டு வருஷம். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஒரு வாரப் பத்திரிகையில் துணுக்கு வந்தது. எங்கோ வெளிநாட்டில் எலிகளுக்கு ஏதோ ஒரு கறுப்புப் பழத்தைத் தின்னக் கொடுத்தார்களாம். குடலில் கட்டி குறைந்ததாம்.

அந்தப் பழம் நம் ஊரில் முளைப்பதே இல்லை. அதற்கெல்லாம் அசருகிறவரா இவர்? கறுப்பு என்றால் கறுப்புதானே என்று நாவல்பழத்தில் இறங்கிவிட்டார்.

தினம் அரைக் கிலோ. நாக்கு ஊதா, கைக்குட்டை ஊதா. ஆபீசில் எலி மாமா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மனைவி அபிதகுஜாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, பழம் தின்றால் அப்படித்தான் போகும் என்று அவரே ஒருநாள் வலியச் சொன்னபோதும் சரி என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அண்ணாவுக்கும் கறுப்பில்தான் ஆரம்பித்தது. 'கூடப்பிறந்தவர் நீங்கள், அப்படி ஏதும் கண்டால் மறுநாளே வாருங்கள்' என்று அண்ணாவைப் பார்த்த டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்? பழம் இருக்கிறவரை பழத்தின் மேல் பழி போடலாம்.

பழம் நின்றுவிட்டால்?

அந்த நினைப்பு வந்ததிலிருந்து நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இன்று நாலு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுபக்கம் இறங்கியபோது மூச்சு இரைத்தது. கங்கையம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"தீந்து பூட்ச்சு சார். மொத்த கூடையும் ஒரே ஆளு வாங்கிக்கினாங்க. தோ, குந்திக்கினு கீறாங்க பாருங்க."

சிமெண்டு பெஞ்சில் அபிதகுஜாம்பாள் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிற நல்ல புடவை. காலடியில் பை நிறைய நாவல்பழம். மடியில் அண்ணாவின் ஆஸ்பத்திரி ஃபைல்.

அதே டாக்டர்தான் என்றாள். ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். ரொம்ப சாதாரணமாக, கறிகாய் வாங்கக் கூப்பிடுகிற குரலில்.

அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். எல்லாம் இந்தப் பழத்தின் நிறம்தான், நாலு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாமே என்று இழுத்தார்.

அபிதகுஜாம்பாள் எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"பழம் வந்தது ஆனி மாசம். உங்களுக்குச் சித்திரையிலேர்ந்தே கறுப்பாத்தான் போறது. தினம் லெட்ரின் அலம்பறவ நான், நேக்குத் தெரியாதா?"