ஜெரோம் எழுதிய ஒரே வரி

ஜெரோம் எழுதிய புதுப் பைத்தான் புரோகிராமுக்குக் கல்லூரி அலுவலகமே கைதட்டியது. ஒரு பட்டனை அழுத்தினால் ஹால்டிக்கெட் எல்லாம் அச்சாகிறதாம். பக்கத்து நாற்காலி மங்கையர்க்கரசிக்கு எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராதே! அவன் டீக்குப் போன சமயம் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். மேலே அலங்காரமாக அவன் பெயர். கீழே ஒரே வரி. இத்தனை வருஷமாக ஹால்டிக்கெட் அடித்துவந்த பேட்ச் ஃபைலை, அவள் எழுதிய பழைய புரோகிராமை, கூப்பிட்டு ஓடவிடும் வரி. அது ஓடும்போது திரையில் திறக்கும் கறுப்பு ஜன்னலைக்கூட யார் கண்ணிலும் படாமல் மறைத்திருந்தான். தினமும் அவள் சாப்பாட்டு டப்பாவில் பாதியைச் சாப்பிடுகிறவன்!

"மங்கை, புதுசுதான் வந்தாச்சே, உன் பழசை அழிச்சிரும்மா," என்றார் சூப்பிரண்டெண்ட்.

டீக்கிளாசோடு வாசலில் நின்ற ஜெரோம், "அக்கா..." என்றான்.

மங்கையின் விரல் டெலீட் பட்டன் மேல் இருந்தது.

"நீயே சொல்லு தம்பி, அழிச்சிரவா?"