முந்நூறு பேருக்கு இடம்

“வாசல்ல கார் சத்தம் கேக்குதுல்ல?” என்றாள் உமையாள் ஆச்சி.

“கேக்குது. போன தடவையுந்தான் கேட்டுச்சு. வந்த கம்பெனிக்காரன் தண்ணி எங்கன்னான், பொட்டக்காட்டப் பாத்தான், போயிட்டான். அதுக்கு முன்னால வந்தவன் பிளேன் எறங்க எடமில்லைன்னான்” என்றார் நாச்சியப்பர். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எழுந்து போய் வாசலை எட்டிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

“இந்தத் தடவ நம்ம கொள்ளுப்பேரன் வள்ளியப்பனே கூட்டிக்கிட்டு வாரான். அவன் வேலை பாக்குற கம்பெனி. நல்ல வார்த்தையாச் சொல்லுங்க.”

கானாடுகாத்தானில் அந்தத் தெரு முழுக்கப் பெரிய வீடுகள், பெரிய பூட்டுகள். காரைக்குடிப் பக்கம் ஒரே ஒரு பெரிய கம்பெனி வந்துவிட்டால் போதும், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள் என்று ஆச்சி நம்பிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை சாமி கும்பிட வருகிறார்கள். சாயந்திரமே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை பெரிய வீட்டில் இவர்கள் இருவரும்தான். மனுஷக் குரல் கேட்காமல் ஆச்சிக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

காவல்காரன் சோணை கதவைத் திறந்துவிட்டான். வள்ளியப்பனும் கம்பெனி அதிகாரி தேவிகாவும் உள்முற்றத்துக்கு வந்தார்கள்.

“வந்தவுகள வாங்கன்னு கேக்க வேணாமா?”

“நாம கேட்டு யாரு காதுல விழுகப் போகுது?”

அதுவும் சரிதான். வள்ளியப்பன் இவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. எப்போது வந்தாலும் இப்படித்தான். ஆச்சி மனசை அடக்கிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“இடம் அருமையா இருக்கு. முந்நூறு பேர் தாராளமா உக்காரலாம்” என்ற தேவிகா, சட்டென்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஆனா, நம்மளை யாரோ பாத்துட்டே இருக்கிற மாதிரி இல்ல?”

“பழைய வீடு மேடம். அப்படித்தான் தோணும்.”

“உள்ள வர்றப்ப பேச்சுக் குரல் கேட்டுச்சே. ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும்.”

“புறாவா இருக்கும் மேடம்.”

சோணை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவிகா நாலு பக்கமும் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பினாள். “வேணாம் வள்ளியப்பன். கோயம்புத்தூர்ல ஒரு கட்டடம் தயாரா இருக்கு. அதையே முடிச்சிடலாம்.”

“சொன்னேன்ல? இவளும் போறா” என்றார் நாச்சியப்பர்.

வள்ளியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. “மேடம், இந்தப் பக்கம் படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேரு வேலையில்லாம இருக்காங்க. இங்க ஆபீஸ் வந்தா நானே குடும்பத்தோட வந்து இந்த ஊர்லயே இருந்துடுவேன்.”

ஆச்சிக்கு வயிறு குளிர்ந்தது. “கேட்டீகளா? குடும்பத்தோட வாரானாம்.” அப்புறம் மெல்லக் கெஞ்சினாள். “ஏ பல்லி, எத்தன வருஷமா என் முதுகுக்குப் பின்னால குடியிருக்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்காகச் சொல்லிரு.”

“இந்த ஊருக்கு வந்தா நமக்கு நல்லதே நடக்கும் மேடம்” என்று வள்ளியப்பன் முடித்ததும், சுவரிலிருந்து பல்லி சொல்லியது. மூன்று தடவை, கணீரென்று.

தேவிகா திடுக்கிட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். “எங்க அம்மா இருந்தா இதுக்கு மேல என்னைப் பேசவே விடமாட்டாங்க. சரி, இங்கயே வச்சுக்கலாம்.”

“நான்தான் ஓம் பேச்சக் கேட்டதில்ல. பல்லி கேக்குது” என்றார் நாச்சியப்பர். ஆச்சிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அடுத்த மாதமே வீடு நிறைந்துபோனது. வயர் இழுக்கிறவர்கள், மேஜை இறக்குகிறவர்கள், வேலை கேட்டு வந்த பெண்கள், பையன்கள் என்று ஒரே இரைச்சல்.

“நீங்க சொகமா உக்காந்துட்டீக. நான்தான் காலம்பூரா நிக்கிறேன். ஆனா இன்னைக்குக் கால்வலியே தெரியல” என்றாள் ஆச்சி.

அப்போது வள்ளியப்பன், தேவிகாவோடும் காரைக்குடிப் பழைய சாமான் கடை பாண்டிமுருகனோடும் வந்தான். நேராக இவர்களிடமே வந்து நின்று, முகத்தை நிமிர்த்திப் பார்த்தான்.

“நம்மளத்தான் பாக்குறான்” என்றாள் ஆச்சி. “வந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் பாக்குறான்.”

“யாரு இவங்க?” என்று கேட்டாள் தேவிகா.

“யாரோ பெரியவங்க மேடம். பேரு தெரியல.”

பாண்டிமுருகன் ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்தார். “சட்டம் நல்ல பர்மாத் தேக்கு. அத நான் எடுத்துக்கிறேன். உள்ள இருக்க படம் ஒங்களுக்கு வேணுமா?”

“வேணாம்” என்றான் வள்ளியப்பன். “வெள்ளையடிக்கணும். சீக்கிரம் கழட்டுங்க.”

சட்டத்திலிருந்து உருவிய படம் கெட்டி அட்டையில் ஒட்டியிருந்ததால் குப்பைக் கூடைக்குள் நுழையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாச்சியப்பருக்கும் பக்கத்தில் நின்றிருந்த உமையாள் ஆச்சிக்கும் நடுவே முழங்காலை வைத்து, இரண்டாக ஒடித்துச் செருகினான் சோணை.