முகம் பார்த்துத் திறந்த கதவு

"அந்தத் துண்ட அவுத்துருங்கண்ணா. மூஞ்சி முழுசா தெரியணும்" என்றான் முனிரத்தினம், செல்போனைப் பின்சீட்டுப் பக்கம் நீட்டியபடி.

இருசப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். காலையில் பெருநகர் கிராமத்தில் நடவு வயலில் நின்றவர், ஃபோன் வந்ததும் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பியிருந்தார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினத்தின் டாக்சியில் ஏறி, ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்று சொன்னதோடு சரி. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கோயம்புத்தூர் விமானம். டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் அங்கிருந்தே போட்டு செல்லுக்கு அனுப்பியிருந்தார்கள். கூலி வேலை பார்க்கும் அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. வண்டி நகர்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

வழியில் இரண்டு முறை ஃபோன் வந்தது. "வந்துக்கினே கீறேன் டாக்டர். அதுவரைக்கும் பொண்ண பாத்துக்கங்க" என்று இருசப்பன் சொன்னார். முனிரத்தினத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பிரசவம்பா" என்றார் அவர். "நேத்து கொழந்த பொறந்துச்சாம். பொண்ணுக்கு ரத்தம் ரொம்ப போயிட்ச்சு. சாயங்காலம் மறுபடி ஆபரேஷனாம். நான் போயே ஆவணும்."

முனிரத்தினம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போன தை மாதம்தான் அவன் மனைவிக்குப் பிரசவம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த ராத்திரியை அவன் மறக்கவில்லை.

அவன் பயமெல்லாம் சாலையைப் பற்றி அல்ல. எப்படியும் பன்னிரண்டுக்குள் கொண்டு சேர்த்துவிடுவான். ஆனால் இன்று போன்ற லீவு நாட்களில் ஏர்போர்ட் வாசலில் ஒரு வரிசை, உள்ளே பாதுகாப்புச் சோதனைக்கு இன்னொரு வரிசை என்று நிற்க வைத்துவிடுவார்கள். அவன் வழக்கமாக ஏற்றிச் செல்லும் ஒரகடம் கம்பெனி இன்ஜினியர்கள் மட்டும் தனி வாசலில் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். டிஜி யாத்ரா என்று பெயர். ஒருமுறை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டபோது ஒருவர் அதை எப்படிப் பதிவது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்.

அதைத்தான் இப்போது அவன் இருசப்பன் செல்லில் செய்துகொண்டிருந்தான். ஆதார் நம்பரை அவர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். நூறு நாள் வேலைக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாம்.

"என் மூஞ்சிய வெச்சிக்கினு அவங்க இன்னா பண்ணுவாங்க தம்பி?"

"கதவ தொறப்பாங்கண்ணா."

முதல் படம் வெயிலில் வெளுத்துப்போய் ஏற்கப்படவில்லை. முனிரத்தினம் இறங்கி, தன் முதுகால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான். இரண்டாவது படத்துக்குப் பச்சை டிக் விழுந்தது. போர்டிங் பாஸையும் அதிலேயே ஏற்றி முடித்தபோது முன்னால் நின்ற பஸ் மெல்ல நகர்ந்தது.

ஏர்போர்ட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டாக இரண்டு நிமிடம். வாசல் வரிசை நடைபாதை முடியும்வரை நீண்டிருந்தது. கேமராவை நேராகப் பார்க்கவேண்டும், யார் என்ன கேட்டாலும் செல்லைக் காட்டவேண்டும் என்று சொல்லி அவரை ஓரத்து வாசலுக்கு அனுப்பினான். இருசப்பன் கேமரா முன்னால் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவு விலகியது. அவர் திரும்பி இவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

போலீஸ்காரர் விசில் ஊதியதும் முனிரத்தினம் வண்டியை எடுத்தான். வெளியே ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பன்னிரண்டு பதினேழுக்கு ஃபோன் வந்தது.

"சோதனையெல்லாம் முடிஞ்சிதுப்பா. பிளேன் ஏற நிக்கிறேன். அந்தப் பெரிய வரிசையில கீறவங்க இன்னும் பாதி தூரம்கூட வரல. நீயும் உன் கொழந்த குட்டியும் நல்லா இருக்கணும் தம்பி."

அவன் வண்டியை எடுத்தான். ஊர் திரும்பும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

மறுநாள் மாலை அவரை அழைத்துவரத் தானே போய் நின்றான். வெளியே வந்த இருசப்பன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முகம் களைத்திருந்தது, ஆனால் நேற்றைய கலவரம் இல்லை.

"தாயும் புள்ளையும் பொழச்சிக்கினாங்கப்பா. அந்த பிளேன உட்டிருந்தா அடுத்தது ராத்திரிதான். அவ்ளோ நேரம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ செஞ்சதுதான்."

வண்டி தாம்பரம் தாண்டும்வரை இருவரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதிலிருந்து தன் மனைவி சாமியை வேண்டிக்கொண்டே இருந்ததாக முனிரத்தினம் சொன்னான்.

"வெள்ளிக்கெழம கோயில்ல அர்ச்சன பண்ணணும்னு சொல்லிக்கினு கீது. உங்க பொண்ணு பேரு இன்னாண்ணா?"

"என் பொண்ணா?" இருசப்பன் கொஞ்சம் விழித்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினார். "என் ரத்தம் ஏதோ பம்பாய் குரூப்பாம்பா, பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் கீதாம். முன்ன ஒருவாட்டி ரத்தம் குடுத்தப்ப நம்பர எழுதி வெச்சிக்கினாங்க. இப்ப வேணும்னு கூப்ட்டாங்க, போய்க் குடுத்துட்டு வண்ட்டேன். அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது, பேரக்கூட கேக்கல."